லென்ஸ் டிசைன்: ±0.1 மி.மீ. என்று போட்டால் போதுமா?

கம்ப்யூட்டர் திரையில் லென்ஸ் எப்போதுமே பெர்ஃபெக்ட்தான். வளைவு ஆரம் 50 மி.மீ. என்று டைப் செய்தால் துல்லியமாக 50 மி.மீ. ஆனால், பட்டறையில் கண்ணாடியைத் தேய்த்து பாலிஷ் போட்டு எடுக்கும்போது அது 50.1 ஆகலாம், 49.9 ஆகலாம். எவ்வளவு விலகினால் பரவாயில்லை? அந்த அனுமதிதான் 'டாலரன்ஸ்'. அதை இறுக்கிப் பிடித்தால் விலை ஏறும். தளர விட்டால் படம் மங்கும்.

மி.மீ.யா, வளையமா?

ஜீமாக்ஸ் ஆப்டிக்ஸ்டுடியோ மென்பொருளில் ஆர டாலரன்ஸை இரண்டு விதமாகத் தரலாம். டி.ஆர்.ஏ.டி. என்றால் நேரடியாக மி.மீ. போன்ற நீள அளவு. டி.எஃப்.ஆர்.என். என்றால் 'ஃபிரின்ஜ்', அதாவது ஒளி வளையங்களின் எண்ணிக்கை.

அது என்ன வளையம்? ஆரம் துல்லியமாகத் தெரிந்த 'டெஸ்ட் பிளேட்' கண்ணாடியை லென்ஸோடு பொருத்தி, ஒற்றை நிற ஒளியில் பார்ப்பார்கள். இரண்டு வளைவும் ஒத்துப்போகாவிட்டால் வளையங்கள் தெரியும். ஸ்கூலில் படித்த நியூட்டன் வளையங்களேதான். ஒரு வளையம் என்றால் அரை அலைநீள வித்தியாசம். 632.8 நானோமீட்டர் ஒளியில் அது சுமார் 0.32 மைக்ரான்.

ஒரே எண், 400 மடங்கு வித்தியாசம்

20 மி.மீ. விட்டமுள்ள இரண்டு லென்ஸ் பரப்புகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ±0.1 மி.மீ. டாலரன்ஸ்.

முதல் பரப்பின் ஆரம் 50 மி.மீ. இதில் 0.1 மி.மீ. மாறினால், விளிம்பில் வளைவின் ஆழம் சுமார் 2 மைக்ரான் மாறும். கிட்டத்தட்ட 6 வளையங்கள். ஓகே, பட்டறையில் எளிதாக அளக்கலாம்.

இரண்டாவது பரப்பின் ஆரம் 1000 மி.மீ. அதே 0.1 மி.மீ. மாற்றத்துக்கு ஆழம் மாறுவது வெறும் 5 நானோமீட்டர். ஒரு வளையத்தில் சுமார் 60-ல் ஒரு பங்கு! டெஸ்ட் பிளேட்டில் கண்ணுக்கே தெரியாது. ஆரம் பெரிதாகப் பெரிதாக, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஆழ மாற்றம் குறைவதுதான் காரணம்.

அப்போ எல்லாப் பரப்புக்கும் ஒரே மி.மீ. எண்ணை காப்பி பேஸ்ட் செய்தால்? தேவையே இல்லாத துல்லியத்துக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். அல்லது 'இதைச் செய்ய முடியாது' என்று டிராயிங் திரும்பி வரும்.

மென்பொருள் என்ன செய்கிறது?

'சென்சிட்டிவிட்டி' ஆய்வு, ஒவ்வொரு ஆரத்தையும் தனித்தனியாக எல்லை வரை மாற்றி, படம் எவ்வளவு கெடுகிறது என்று காட்டும். எந்தப் பரப்பு ரொம்ப 'டென்ஷன்' தரும் என்பது இதில் தெரிந்துவிடும். 'மான்டே கார்லோ' ஆய்வு எல்லாப் பிழைகளையும் ஒரே நேரத்தில் தாறுமாறாகக் கலந்து, நிஜத்தில் தயாராகும் லென்ஸ்கள் எப்படி இருக்கும் என்று மதிப்பிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது 'காம்பென்சேட்டர்'. ஆரப் பிழை பெரும்பாலும் ஃபோகஸைத்தான் நகர்த்தும். சென்சாரைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளினால் சரியாகிவிடும். அந்த வசதி உங்கள் கருவியில் இருந்தும் மென்பொருளில் சொல்லாவிட்டால், டாலரன்ஸை வீணாக இறுக்குவீர்கள். கருவியில் இல்லாத வசதியை மென்பொருளில் போட்டாலோ, ரிப்போர்ட் பாஸ் ஆகும். லென்ஸ் ஃபெயில் ஆகும்.

டிராயிங்கை அனுப்பும் முன், பட்டறையிடம் டெஸ்ட் பிளேட் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள ஆரங்களுக்கு டிசைனைப் பொருத்த மென்பொருளிலேயே வசதி உண்டு. புது டெஸ்ட் பிளேட் செய்யும் செலவும் நாட்களும் மிச்சம்.