பயிற்சியாளருக்கு அறுபது வயதானால்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் தொழில்முறைக் கால்பந்து கிளப் எதுவும் கிடையாது. இந்த இரு மாவட்டங்களில் ஒரு பையனோ பெண்ணோ பந்தை முறையாக ஆடக் கற்றால், கற்றுக்கொடுத்தவர் அநேகமாக அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராகவோ விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்றுநராகவோதான் இருப்பார். அவர்களின் பணிக்கு முடிவு நாள் உண்டு. தமிழக அரசு 2020-ல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக உயர்த்தியது, மறு ஆண்டே 60 ஆக்கியது. ஆசிரியருக்குக் கல்வியாண்டின் நடுவில் அந்த வயது நிறைந்தால், ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைக்கும். பிறகு பணிநிறைவுப் பாராட்டு விழா, மாலை, சால்வை. அதோடு அவருக்கும் மைதானத்துக்கும் இருந்த கணக்கு தீர்ந்துவிடுகிறது. வயதான கால்பந்துப் பயிற்சியாளர் எதுவரை வேலை செய்யலாம் என்ற கேள்வியை ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளோடு சேர்த்துத்தான் நாம் பேசுகிறோம். அந்தக் கேள்வியை நம் ஊர்ப் பக்கமும் திருப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வயதைக் குறித்து அன்றோடு போகச் சொல்வது தவறு. ஆனால் நாற்பதில் பார்த்த வேலையை எழுபதிலும் அப்படியே பார்ப்பேன் என்று ஒருவர் நிற்பதும் தவறுதான்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் பிறந்தது 1941 டிசம்பர் 31. 2001–02 பருவத்தோடு, அதாவது நம் அரசு ஊழியரைப் போலவே 60 வயதில், விலகப்போவதாக அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். அந்தப் பருவத்தின் நடுவில் மனதை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வென்றவை ஆறு பிரீமியர் லீக் பட்டங்கள், 2008-ல் ஒரு சாம்பியன்ஸ் லீக். 2013 மே மாதம், 71 வயதில், லீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே விடைபெற்றார். அவருடைய மொத்த லீக் பட்டங்கள் 13, அவற்றில் ஏறக்குறைய பாதி அறுபதுக்குப் பிந்தியவை. அவரைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் அவருடைய கோபத்தையும் கண்டிப்பையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் இருந்த இளம் வயதிலேயே, தன் உதவியாளர் சொன்னதைக் கேட்டு, அன்றாடப் பயிற்சியை நடத்தும் பொறுப்பை அவர் மற்றவர்களிடம் விட்டுவிட்டார். ஓரமாக நின்று கவனிப்பதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். எந்த ஆட்டக்காரர் சோர்ந்திருக்கிறார், யார் வீட்டுக் கவலையோடு வந்திருக்கிறார், யாருடைய உடம்பு சொல்லாமல் எதையோ சொல்கிறது என்பது விசிலோடு ஓடிக்கொண்டிருப்பவர் கண்ணில் படாது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அவர் களத்தில் நிலைத்ததற்கு அந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. திரண்ட கூட்டம் 1,31,000-க்கும் மேல். அவ்வளவு பேர் அன்று வந்ததற்கு இரண்டு பயிற்சியாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. மோகன் பகானில் அமல் தத்தா, வயது 67. வைர வடிவில் ஆட்டக்காரர்களை நிறுத்தித் தாக்கும் புதிய முறையை அந்த வயதில்தான் அவர் ஊரே பேசும்படி கொண்டுவந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலில் பி.கே. பானர்ஜி, வயது 61. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, பானர்ஜியின் அணி 4–1 என்று வென்றது. நம் ஓய்வு விதிப்படி பார்த்தால் அன்று இருவருமே வீட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள். அதைவிட முக்கியம், அறுபத்தேழில் புதிய ஆட்டமுறையை முயன்றவரைப் பார்த்து முதியவர்கள் பழையதையே பிடித்துத் தொங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

பயிற்சியாளரின் வேலை ஒரே வேலை அல்ல என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பந்தை உதைத்துக் காட்டுவது, வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்பது, பேருந்தில் இரவெல்லாம் அணியோடு போவது ஆகியவை உடம்பின் வேலை, அதில் வயது தன் பங்கைக் கேட்கும். ஆளைக் கண்டறிவது, எதிரணியைப் படிப்பது, தோற்றுத் தலைகுனிந்த பிள்ளையிடம் எப்போது பேச வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது வேறு வகை. அது வருடங்கள் போகப்போகக் கூர்மையாகும், குறைந்தபட்சம் மழுங்காது. 2012–13 ஐ-லீக்கை கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் வென்ற கதை இதைக் காட்டுகிறது. அறுபதைக் கடந்த சுபாஷ் பௌமிக்கிடம் அப்போது தேவைப்பட்ட பயிற்சியாளர் உரிமம் இல்லை. எனவே அவர் தொழில்நுட்ப இயக்குநர் என்ற பெயரில் இருந்தார், தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு மரியானோ டயஸிடம் இருந்தது. சட்டச் சிக்கலால் வந்த ஏற்பாடுதான். ஆனாலும் கோப்பை வந்தது. 2025 நவம்பரில் குரசாவ் என்ற கரீபியத் தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதன் மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம், பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது அதன் பயிற்சியாளர் நெதர்லாந்தின் டிக் அட்வகாட், வயது 78. ஜமைக்காவில் நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தன்று அவர் அங்கே இல்லை, குடும்பக் காரணத்தால் ஊர் திரும்பியிருந்தார். உதவியாளர்களே ஆட்டத்தை நடத்தி, தேவையான சமநிலையைப் பெற்றார்கள். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சின்ன ஊர் மண்ணிலிருந்து தானாக முளைத்த வெற்றி அல்ல அது. ஆனால் பெரியவர் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி அவர் ஆட்களைத் தயார் செய்திருந்தார் என்பது நமக்குப் போதும்.

உடல்நலத்தைச் சொல்லி மறுப்பவர்களை எளிதில் ஒதுக்க முடியாது. ஸ்காட்லாந்து அணியின் ஜாக் ஸ்டீன் 1985 செப்டம்பர் 10 அன்று, கார்டிஃபில் ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து, அங்கேயே இறந்தார். வயது 62. கிரிஸ்டல் பேலஸின் ராய் ஹாட்சன் 2024 பிப்ரவரியில் பயிற்சியின்போது நோயுற்று, 76 வயதில் விலகினார். இந்தியக் கால்பந்தின் ஆகப் பெரிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், புற்றுநோயோடு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போய், தென்கொரியாவை 2–1 என்று வென்ற அணியை நடத்தினார். மறு ஆண்டு ஜூனில் மறைந்தார். இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லிச் சொல்லி நாம் ஒன்றைப் பார்க்கத் தவறினோம். ரஹீமுக்கு அப்போது 53 வயதுதான், எந்த ஓய்வு விதியும் அவரைக் காப்பாற்றியிருக்காது. லிவர்பூலின் யூர்கன் க்ளோப் தெம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி விலகியபோது வயது 56. ஆகவே கவலை உண்மையாக இருந்தால், பார்க்க வேண்டியது பிறந்த தேதியை அல்ல. வருடந்தோறும் மருத்துவப் பரிசோதனை செய்து, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

சென்னையின் கதை இன்னும் சிக்கலானது. 63 வயதில் ஜான் கிரிகோரி சென்னையின் எஃப்சியை நடத்தி, 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்று ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தார். அடுத்த பருவத்தில் அதே அணி கடைசி இடம். 2019 நவம்பரில் அவர் விலகினார். பின்னால் வந்த ஓவன் காயில், ஐம்பதுகளில் இருந்தவர், அதே பருவத்தில் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். இதை வைத்து வயதுதான் காரணம் என்று வாதிடலாம். ஆனால் ஒரே வருடத்தில் சாம்பியனையும் கடைசி இடத்தையும் கண்ட மனிதருக்கு இடையில் கூடியது ஒரு வயதுதான். எனக்கு அது காட்டுவது வேறொன்று. எப்போது மாற வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்யும்படி விடக் கூடாது. அணியின் நிலையைக் கண்டு முடிவெடுக்கும் வேறொருவர் இருக்க வேண்டும்.

இளைஞர்களின் வாய்ப்பைப் பறிக்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் 2012-லிருந்து 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பொறுப்பேற்கும்வரை இந்திய அணியின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளர்கள் அனைவரும் வெளிநாட்டவர். உள்ளூர் இளைஞரின் வழியை அங்கே அடைத்தது உள்ளூர்ப் பெரியவர் அல்ல. மாவட்டத்தில் இது வேறு மாதிரி. இருக்கும் பணியிடமே குறைவு, ஓய்வுபெற்றவர் அதில் உட்கார்ந்துவிட்டால் இளையவர் வெளியேதான் நிற்பார். அதனால்தான் பணியிடத்தையும் விசிலையும் இளையவருக்கே கொடுங்கள் என்கிறேன். பெரியவர் அவர் பக்கத்தில் இருக்கட்டும், பயிற்சியாளருக்குப் பயிற்சி தருபவராக. ஜிபிஎஸ் பட்டையும் வீடியோ அலசலும் முதியவருக்கு வராது என்பார்கள். வர வேண்டியதில்லை, அது இளையவர் கையில் இருக்கும்.

அரியலூரைச் சேர்ந்த எஸ். கார்த்தி 2022-ல் இந்திய ஹாக்கி அணிக்குள் நுழைந்தார். அவருக்கு வழி திறந்தது கோவில்பட்டியில் பெற்ற பயிற்சி. தலைமுறை தலைமுறையாக ஹாக்கி கற்றுக்கொடுப்பவர்கள் அறுந்துபோகாமல் தொடரும் ஊர் அது. கால்பந்தில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இல்லாதது அந்தத் தொடர்ச்சிதான். ஓய்வுபெறும் உடற்கல்வி ஆசிரியரை, அவர் விரும்பினால், இரண்டு வருடத்துக்கு மட்டும், மதிப்பூதியத்தில், அவருடைய பழைய பள்ளியைச் சுற்றியுள்ள குறுவட்டத்துக்கு ஆலோசகராக வைக்கலாம். கையெழுத்து அதிகாரம் வேண்டாம், அணித் தேர்வில் கடைசிச் சொல்லும் வேண்டாம். இரண்டாம் வருட முடிவில் அவரிடம் கற்ற இளம் பயிற்றுநர்களைக் கேட்டுவிட்டு, நீட்டிப்பதா நிறுத்துவதா என்று மாவட்ட விளையாட்டு அலுவலர் முடிவு செய்யட்டும்.