ஜின்னின் பகிடியைப் படம் பிடிப்பது எப்படி?

நற்பிட்டிமுனைப் பக்கம் ஜின் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சுலைமான் நபிக்கு ஜின்கள் கட்டுப்பட்டு வேலை செய்த கதையை உம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காலத்தில் போத்தலில் அடைபட்ட ஒரு ஜின் லண்டனில் வெளியே வந்தால்? எஃப். ஆன்ஸ்டி 1900இல் எழுதிய ‘பித்தளைப் போத்தல்’ என்ற ஆங்கில நாவலின் கதை இதுதான். வேலையின்றி இருக்கும் இளம் கட்டடக் கலைஞன் ஒருவன் ஏலத்தில் பழைய போத்தலொன்றை வாங்கித் திறக்கிறான். வெளியே வந்த ஜின், நன்றிக்கடன் தீர்க்கிறேன் என்று அவனைப் படாதபாடு படுத்துகிறது. பொன்னும் மணியும் சுமந்த ஒட்டகங்கள் தெருவை அடைக்கின்றன. மாமனாராக வரவிருந்த பேராசிரியர் கோவேறு கழுதையாகிறார்!

1964இல் ஹொலிவுட் இதைப் படமாக்கியது. அதைத் தழுவி 1967இல் எம். வி. ராமன் இயக்கியதுதான் ‘பட்டணத்தில் பூதம்’. ஜெய்சங்கர், கே. ஆர். விஜயா, நாகேஷ் நடித்தார்கள். ஜின் அங்கே ஜீபூம்பா என்ற பூதமானது. பாட்டுகளும் சேர்ந்துகொண்டன.

இத்தகைய நாவலைப் படமாக்குவதில் பெரிய சிக்கல் மாயம் அல்ல, பகிடிதான். ஆன்ஸ்டியிடம் சிரிப்பு பாதி சம்பவத்தில், மீதி அவர் சொல்லும் விதத்தில். அந்தப் பேராசிரியர் கோவேறு கழுதையானதைக்கூட வீட்டு விருந்தில் நேர்ந்த சிறு சங்கடம் போலச் சொல்லிக்கொண்டு போவார். திரையில் அந்தக் கதைசொல்லி இல்லை. அவருடைய வேலையை, மாயத்தைப் பார்த்து நிற்பவனின் முகம் செய்யவேண்டும். அதனால்தான் நாகேஷ் போன்ற ஒருவர் இல்லாமல் பூதப்படம் நிற்காது என்பேன். மாயம் நடந்து முடிந்த மறுகணம் அவர் விழிப்பதில்தான் கொட்டகை சிரிக்கும். பூதத்துக்கோ தான் பகிடி செய்வதாகத் தெரியவே கூடாது. பூதமாக நடித்த ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனமும் எழுதியவர். ‘உடல் பொருள் ஆனந்தி’ தந்த தொடர்கதைக்காரரும் அவரே.

கணினி இல்லாத காலத்து மாயம் எளியது. ஆள் மறைய வேண்டுமா? கமராவை அசையாமல் பொருத்தி, நடிகர்களை அப்படியே உறையச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். ஒருவர் மட்டும் விலகிப் போனதும் மீண்டும் ஓட விடுவார்கள். நிற்பவரின் விரல் நகர்ந்தாலும் திரையில் துள்ளித் தெரியும். பிரான்ஸின் மெலியே 1896இலேயே கையாண்ட உத்தி இது. மலைபோன்ற பூதமும் குட்டி மனிதனும் ஒரே காட்சியில் வர, லென்சின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒருவரை அருகிலிருந்து பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, மற்றவரைத் தூரத்திலிருந்து பிடிப்பார்கள். நடுக்கோட்டில் யாரும் கை நீட்டக் கூடாது. நீட்டினால் கை காணாமல் போகும். இந்தக் கட்டுப்பாட்டால் நடிகர்கள் அளந்து நடித்தார்கள், பகிடியும் கச்சிதமாக விழுந்தது. இன்றைய கணினிப் பூதங்கள் எதையும் செய்கின்றன, சிரிக்கத்தான் வைப்பதில்லை.

1964 படத்தின் நாயகி பார்பரா ஈடன், அடுத்த ஆண்டே ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’ தொலைக்காட்சித் தொடரில் தானே ஜின்னாகிப் போத்தலுக்குள் குடியேறினார். தொடர் 1970 வரை ஓடியது.