“யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று சொன்னால் உடனே சொல்லுங்கள்

“வங்கியிலிருந்து அழைக்கிறோம். உங்கள் பெயரில் புதிய கடன்பற்று அட்டை எடுக்கப்பட்டுள்ளது.” பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நான் எடுக்கவில்லையே என்று பதறினால், உடனே அழைப்பு ஓர் ‘அதிகாரி’யிடம் மாற்றப்படும். சற்று நேரத்தில் வாட்ஸ்அப் காணொளியில் சீருடை அணிந்த ஒருவர் தோன்றுவார். பின்னால் காவல்துறைச் சின்னம், கையில் அடையாள அட்டை. உங்கள் கணக்கில் கள்ளப்பணம் புழங்கியிருக்கிறது, விசாரணை முடியும்வரை சேமிப்பை ஒரு ‘பாதுகாப்பான கணக்கு’க்கு மாற்றுங்கள் என்பார்.

அரசாங்க அதிகாரிகளைப்போல் நடிக்கும் இத்தகைய மோசடிகள் குறித்து 2024ல் சிங்கப்பூர்க் காவல்துறையிடம் 1,504 புகார்கள் பதிவாயின. பறிபோனது ஏறத்தாழ $151 மில்லியன். ஒருவருக்குச் சராசரியாக $100,000! பலருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று கேட்கிறோம். அதிகாரி என்றதும் பணிந்து பேசும் பழக்கமும், வழக்கு என்றதும் வரும் அச்சமும் படித்தவர்களுக்கும் உண்டே. ஆனால், மோசடிக்காரரின் உண்மையான ஆயுதம் சீருடையன்று. “இது ரகசிய விசாரணை, குடும்பத்தாரிடம்கூடச் சொல்லக்கூடாது” என்ற அந்த ஒரு வரிதான். தங்கையிடமோ நண்பரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாடகம் அங்கேயே கலைந்துவிடும். அதனால்தான் அழைப்பைத் துண்டிக்க விடாமல் மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

உண்மையான அரசாங்க அதிகாரி தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார். வங்கிக் கணக்கின் மறைச்சொல்லைக் கேட்கமாட்டார். அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றிவிடவும் மாட்டார். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் எண்ணுக்கு முன்னால் ‘+’ குறி இருக்கும். ஆனால், உள்ளூர் சிம் அட்டைகளையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதால் ‘+’ இல்லை என்பதற்காக நம்பிவிட முடியாது. ஐயம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைக்கலாம். 24 மணி நேரமும் அது இயங்குகிறது.

சிலர் மோசடிக்காரரை எவ்வளவு நம்பிவிடுகிறார்கள் என்றால், உண்மையான காவலர் நேரில் வந்து சொன்னாலும் ஏற்பதில்லை. அத்தகையவர்களின் வங்கிக் கணக்குப் பரிவர்த்தனைகளை 30 நாள்வரை கட்டுப்படுத்தக் காவல்துறைக்கு அதிகாரம் தரும் சட்டம் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தது.

இளையர்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பறித்த பணத்தைக் கைமாற்ற மோசடிக் கும்பல்களுக்கு வங்கிக் கணக்குகள் தேவை. ‘கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, காசு தருகிறேன்’ என்று டெலிகிராமில் வரும் வேலை அதுதான். கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ கொடுத்தால் நீங்களும் குற்றவாளியாகலாம்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் தணிந்த குரலில் பேசினால் கதவைத் தட்டுங்கள். அவர்களின் சேமிப்பில் ஒரு பகுதியை இணையம்வழி மாற்ற முடியாதபடி வங்கியின் ‘மணி லாக்’ வசதியில் பூட்டிவைக்க உதவுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் வங்கியை அழையுங்கள், அடுத்துக் காவல்துறையிடம் புகார் கொடுங்கள். அந்தப் பணம் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.