உங்களுக்குத் தெரியுமா? மைக் மாறிப்போன சாக்ஸபோன்

1956 ஜூலை 7. அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டன் குழு தன் 1937-ஆம் ஆண்டுப் படைப்பான 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ'வை எடுத்தது. நடுவில் டெனர் சாக்ஸபோனுடன் எழுந்தார் பால் கொன்சால்வெஸ். 27 சுற்றுகள், நிறுத்தாமல்! மேடையோரம் டிரம்மர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்ட, கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதமே 'டைம்' இதழின் அட்டையில் எலிங்டன்.

ஆனால் கொன்சால்வெஸ் வாசித்தது, இசைத்தட்டு வெளியிடவிருந்த கொலம்பியா நிறுவனத்தின் மைக்கில் அல்ல. பக்கத்திலிருந்த 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் மைக்கில். அதனால் தட்டில் அவர் எங்கோ தூரத்தில் நின்று வாசிப்பதுபோலக் கேட்டது. (போதாக்குறைக்கு, அந்த 'நேரடி'த் தட்டின் பெரும்பகுதி பிறகு ஸ்டுடியோவில் வாசிக்கப்பட்டு, கைதட்டல் சேர்க்கப்பட்டது!)

வானொலியின் ஒலிநாடா பல்லாண்டு கழித்துத்தான் கண்டெடுக்கப்பட்டது. இரு மைக்குகளின் பதிவையும் ஒருங்கே ஓடவைத்து ஸ்டீரியோவாக்கினார்கள். இரட்டை சிடியாக அது 1999-இல் வெளிவந்தது. சாக்ஸபோன் இப்போது பளிச்சென்று முன்னால் நிற்கிறது. கேட்பதென்றால் இந்தப் பதிப்பையே தேடிக் கேளுங்கள்.