உச்சிக்கு மேல் இடமில்லை: கினபாலு மலை கற்றுத்தரும் பருவநிலைப் பாடம்

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும். இடைநிலைப்பள்ளிப் புவியியல் பாடத்தில் நாம் அனைவரும் மனனம் செய்த வரி இது. தேர்வுக்குப் பிறகு பெரும்பாலோர் மறந்தும் விடுகிறோம். பல்கலைக்கழகத்தில் புவியியல் பயிலும் நான், கடந்த மார்ச் மாதம் சபாவிலுள்ள கினபாலு மலையில் ஏறியபோது கையில் ஒரு சிறிய வெப்பமானியையும் எடுத்துச் சென்றேன். பாடநூல் வரியை நேரில் சோதித்துப் பார்க்கும் ஆசைதான் காரணம்.

பூமத்திய ரேகையிலிருந்து 6 பாகை மட்டுமே வடக்கே உள்ள இம்மலையின் உயரம் 4,095 மீட்டர். மலேசியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 1964-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாயிற்று.

பனிக்கட்டி செதுக்கிய பாறை

கினபாலு எரிமலை அன்று. ஏறத்தாழ 70 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. அது மேலே உயர்த்தப்பட, மேலிருந்த மண்ணும் பாறையும் மழையில் கரைந்துபோக, கருங்கல் வெளியே தெரிந்தது.

பனியுகத்தில் இதன் உச்சியைப் பனிக்கட்டி மூடியிருந்தது. அது நகர்ந்து தேய்த்த இடங்கள் இன்றும் வழவழப்பாக உள்ளன. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த முனைகள் மட்டும் கூராகவே நின்றுவிட்டன. வெப்பமண்டல நாட்டில் பனிக்கட்டியின் தடத்தைக் காலடியில் பார்ப்பது அரிய அனுபவம்.

இந்நிலம் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 2015 ஜூன் 5-ஆம் தேதி ஏற்பட்ட 6.0 அளவு நிலநடுக்கத்தில் பாறைகள் சரிந்தன. சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி மாணவர்களும் உள்ளூர் வழிகாட்டிகளும் உட்பட 18 பேர் உயிரிழந்தனர்.

வெப்பமானி காட்டிய கணக்கு

மலையேற்றம் தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டர் உயரத்தில் உள்ளது. காலை ஒன்பது மணிக்கு அங்கே 18 பாகை செல்சியஸ். சுமார் 2,700 மீட்டரிலுள்ள லாயாங்-லாயாங்கில் நண்பகலிலும் 14 பாகைதான். இரவு தங்கும் பனாலபானில் மாலையில் 9 பாகை. மறுநாள் விடியலில் உச்சியில் 3 பாகை. நேரம் மாறினால் எண்களும் சற்று மாறும். ஆனால் பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 0.55 பாகை குறைகிறது.

உச்சிக்கு ஏன் அதிகாலை இரண்டரை மணிக்கே கிளம்ப வேண்டும் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். டூசூன் இனத்தவரான அவர், "பத்து மணிக்கு மேல் மலை மேகத்துக்குச் சொந்தம்" என்றார். பகலில் சூடாகும் ஈரக்காற்று சரிவுகளில் மேலேறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, நீராவி மேகமாகிறது. பிற்பகலில் அதுவே மழையாகிறது. உச்சிப் பகுதியில் நீரை உறிஞ்சப் போதிய மண் இல்லை. கனமழை பெய்தால் சில நிமிடங்களில் கருங்கல் சரிவெங்கும் நீர் வழிந்தோடும். அந்த வேளையில் ஏற அனுமதி கிடைக்காது.

ஒரே மலையில் பல காடுகள்

தட்பவெப்பம் மாற மாறக் காடும் மாறுகிறது. அடிவாரத்தில் ஓங்கிய மழைக்காடு. அதற்கு மேல் ஓக் மரங்கள். பிறகு பாசி போர்த்திய குட்டை மரங்கள் நிற்கும் மேகக்காடு. லாயாங்-லாயாங் அருகே மண்ணே மஞ்சள் நிறமாகிவிடுகிறது. உலோகங்கள் மிகுந்து, சத்துக் குறைந்த மண் அது. அங்கே வளரும் கெண்டிச்செடிகள் பூச்சிகளைப் பிடித்துத் தமக்கு வேண்டிய சத்தை ஈடுசெய்கின்றன. இன்னும் மேலே போனால் பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் புதர்கள் மட்டுமே. இவற்றுள் பல இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லை.

மேலேறும் அந்துப்பூச்சிகள்

1965-இல் ஓர் ஆய்வுக் குழு, எந்த உயரத்தில் எந்த அந்துப்பூச்சி வாழ்கிறது என்று இம்மலையில் கணக்கெடுத்தது. 42 ஆண்டுகள் கழித்து, 2007-இல், பழைய படங்களின் துணையோடு அதே இடங்களில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். 102 இனங்களை ஒப்பிட்டபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. பூமி சூடாவதால், தமக்குப் பழகிய குளிரைத் தேடி அவை ஏறுகின்றன.

மேலே சொன்ன கணக்கில் 67 மீட்டர் என்பது ஏறக்குறைய 0.4 பாகை. எண் சிறியதுதான். ஆனால் மலை மேலே போகப் போகக் குறுகுகிறது. நடுச்சரிவில் வாழும் பூச்சிக்கு ஏற இன்னும் இடமுண்டு. மண் கிடைக்கும் கடைசி இடுக்கில் வேரூன்றிய செடிக்கு மேலே இருப்பது வெறும் பாறை, அதற்கும் மேலே வானம். பக்கத்து மலைக்குப் போகவும் வழியில்லை, இத்தனை உயரமான மலை அருகில் வேறு கிடையாது. 1997-98 எல் நினோ வறட்சியிலேயே உச்சிப் பகுதிச் செடிகள் பல காய்ந்துபோயின.

நாம் என்ன செய்யலாம்? மின்சாரத்தையும் எரிபொருளையும் சிக்கனமாகப் பயன்படுத்துவது ஒருபுறம். மறுபுறம், குறித்து வைக்கும் பழக்கம் வேண்டும். 1965-இல் யாரும் பூச்சிகளை எண்ணியிராவிட்டால், 2007-இல் நடந்த மாற்றம் எவருக்கும் தெரிந்திராது. இதற்குச் சபா வரை போகவும் வேண்டாம். 833 மீட்டர் பினாங்குக் கொடிமலையிலேயே அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நான்கைந்து பாகை வேறுபாடு இருக்கும். ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, நான்கு நண்பர்கள் போதும். தேதி, நேரம், உயரம், வெப்பநிலை, கண்ணில் பட்ட செடிகொடிகள், பூச்சிகள் ஆகியவற்றை எழுதி, பள்ளியின் அறிவியல் கழகத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே இடத்தில் தொடரட்டும்.