ஸ்தானம் ஒன்று, யோக்கியர் இருவர்

ஒரு பொறுப்புக்குத் தகுதியுள்ளவர் ஒருவருமே அகப்படாவிட்டால் ஸ்தாபனங்கள் கஷ்டப்படுகின்றன. இது எல்லோரும் அறிந்த விஷயம். தகுதியுள்ளவர் இருவர் ஒரே சமயத்தில் வந்து நின்றால் உண்டாகும் கஷ்டத்தையோ பலர் கவனிப்பதில்லை. ஒருவரும் இல்லாத இடத்தில் தேடினால் போதும். இருவர் உள்ள இடத்தில் ஒருவரை விலக்கியாக வேண்டும். விலக்கப்படுகிறவர் குற்றம் எதுவும் செய்யாதவராக இருக்கும்பொழுது, அக்காரியத்தை நியாயமாகவும் கௌரவமாகவும் செய்து முடிப்பது தலைவர்களின் திறமைக்கு மட்டுமன்றி அவர்களுடைய இருதயத்துக்கும் பரீக்ஷையாகும். அமெரிக்காவில் அலபாமா ஸர்வகலாசாலையின் பந்தாட்டக் கோஷ்டியில் 2018-ம் வருஷம் நடந்த சம்பவங்கள் இவ்விஷயத்தில் ஆராயத் தக்கவை. விளையாட்டுத்தானே என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் கட்சி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரியின் வசமாகும். முயற்சி தொடங்கியதும் பந்து வந்து சேருவது பெரும்பாலும் ‘குவார்ட்டர்பேக்’ என்னும் ஆட்டக்காரரின் கையில்தான். எறிவதா, பிறரிடம் கொடுப்பதா, தாமே ஏந்தி ஓடுவதா என்பதைச் சில விநாடிகளில் அவர் நிச்சயிக்க வேண்டும். இந்த ஸ்தானத்தை இருவருக்குப் பங்கிடுவது எளிதன்று. 2015-ம் வருஷத்தில் ஓஹையோ ஸ்டேட் கோஷ்டி, முந்திய பருவத்தில் பட்டம் பெற்ற பெருமையோடு, கார்டேல் ஜோன்ஸ், ஜே. டி. பாரெட் என்ற இருவரையும் வைத்துக்கொண்டு, முதலில் ஒருவரையும் பாதிப் பருவத்துக்கு மேல் மற்றவரையும் அமர்த்திப் பார்த்தது. அவ்வருஷம் பட்டம் அதற்குக் கிட்டவில்லை.

அலபாமாவின் கதைக்கு வருவோம். டெக்ஸாஸ் ராஜ்யத்து வாலிபரான ஜேலன் ஹர்ட்ஸ், கலாசாலையில் சேர்ந்த முதல் வருஷமாகிய 2016-லேயே இந்த ஸ்தானத்தைப் பெற்றார். இரண்டு பருவங்களில் அவர் தொடங்கி ஆடிய 28 ஆட்டங்களில் 26 ஜயம், இரண்டே அபஜயம். அப்படிப்பட்டவரை, 2018 ஜனவரி 8-ந் தேதி, அட்லாண்டா நகரில் நடந்த தேசியப் பட்டப் போட்டியின் நடுவே பயிற்சித் தலைவர் மிஸ்டர் நிக் சேபன் நிறுத்திவிட்டார். ஜார்ஜியா கோஷ்டி 13 புள்ளிகள் பெற்றிருக்க, அலபாமா ஒரு புள்ளியும் பெறாமல் பாதி ஆட்டம் முடிந்திருந்தது. ஹர்ட்ஸ் எறிந்த எட்டுப் பந்துகளில் மூன்றே தோழர்களைச் சேர்ந்தன. பின்பாதியில் ஹவாய்த் தீவிலிருந்து வந்த முதல் வருஷ மாணவர் டுவா டாகோவாய்லோவா இறக்கப்பட்டார். அவரும் பிழையின்றி ஆடினார் என்று சொல்ல முடியாது; எதிரியின் கைக்கு ஒரு பந்தை எறிந்தார். எனினும் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. மேலதிக ஆட்டத்தில் எதிரிகள் அவரை 16 கஜம் பின்னே தள்ளி வீழ்த்தினர். அடுத்த முயற்சியிலேயே அவர் 41 கஜ தூரம் எறிந்த பந்து டெவான்டா ஸ்மித்தின் கையில் விழுந்தது. 26-க்கு 23 என்ற கணக்கில் பட்டம் அலபாமாவைச் சேர்ந்தது. களத்தோரத்தில் நின்ற ஹர்ட்ஸ், தம் ஸ்தானத்தை ஏற்றவரை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு ஜயங்களைத் தந்தவரை ஒரு பாதி ஆட்டத்தின் குறைக்காக நிறுத்துவது நன்றி மறத்தல் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். ஸ்தானம் காரியத்துக்காக ஏற்பட்டதேயன்றி, சென்ற காலச் சேவைக்குச் சன்மானமாக ஏற்பட்டதன்று. சேவைக்கு உரிய மரியாதையைச் செலுத்த வேறு நூறு வழிகள் உண்டு; காரியத்தைப் பலி கொடுத்து அதைச் செலுத்துவது மற்ற நூறு பேருக்குச் செய்யும் துரோகம். எண்பதுக்கு மேற்பட்ட வாலிபர்கள் வருஷம் முழுவதும் உழைத்து வந்த காரியம் அன்றிரவு கைநழுவிக்கொண்டிருந்தது என்பதை மறக்கலாகாது.

ஆனால், முடிவு செய்வது ஒன்று. முடிவுக்கு உள்ளானவரை நடத்துவது மற்றொன்று. இரண்டாவதில் அலபாமாவின் தலைவர்கள் தவறினர் என்றே நாம் சொல்லுவோம். வசந்த காலப் பயிற்சி முழுவதிலும் தம் மனநிலை என்னவென்று ஒருவருமே வந்து விசாரிக்கவில்லை என்று அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹர்ட்ஸ் பத்திரிகை நிருபர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். விலக்கப்பட்டவனுக்கு விலக்கைவிட மௌனமே அதிகமாக உறுத்தும். செப்டம்பரில் பருவம் தொடங்கியபோது ஸ்தானம் டாகோவாய்லோவாவுக்குக் கிடைத்தது. முதல் ஆட்டம் முடிந்ததும் இருவரைப்பற்றியும் கேட்ட நிருபர்மீது மிஸ்டர் சேபன் சீறி விழுந்தார். ஒருவரைப் புகழ்ந்து மற்றவருக்கு அவமரியாதை செய்ய மாட்டேன் என்பது அவர் கருத்து. சீற்றத்துக்காகப் பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டது சரியே. ஆயினும் அந்தக் கருத்தில் இருந்த நியாயத்தை நாம் மறுக்க மாட்டோம்.

இதே பருவத்தில் கிளெம்ஸன் ஸர்வகலாசாலையிலும் இதே பிரச்னை எழுந்தது. நான்கு ஆட்டங்களுக்குப் பின் கெல்லி பிரையன்ட் விலக்கப்பட்டு, டிரெவர் லாரென்ஸ் அமர்த்தப்பட்டார். நான்கு ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடியவருக்கு அவ்வருஷம் கணக்கில் சேராது என்பது அப்பொழுது புதிதாக வந்த விதி. அந்த விதியைக் கொண்டு பிரையன்ட் கோஷ்டியை விட்டு வெளியேறினார். செப்டம்பர் 29-ந் தேதி நடந்த அடுத்த ஆட்டத்திலேயே லாரென்ஸ் அடிபட்டு விழ, மூன்றாவது ஆளான சேஸ் பிரைஸைக் கொண்டு கிளெம்ஸன் தட்டுத் தடுமாறி ஜயித்தது. அதே தினத்தில் ஹர்ட்ஸ் தமது ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கினார். வருஷம் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அறிந்தே இறங்கினார். பிரையன்டை நாம் நிந்திக்கவில்லை. மாணவனுக்கு ஆடக் கிடைப்பது நான்கே பருவங்கள். அவற்றைக் காத்துக்கொள்ள அவனுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால், உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதை உபயோகிக்காமல் நின்றவனின் பெருமை வேறு.

அப்பெருமை டிசம்பர் 1-ந் தேதி வெளிப்பட்டது. அதே அட்லாண்டா மைதானம். அதே ஜார்ஜியா கோஷ்டி. கடைசிக் காற்பகுதியில் அலபாமா 21-க்கு 28 என்று பின்தங்கியிருக்க, டாகோவாய்லோவா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். பதினொரு மாதங்களுக்கு முன் எந்த மைதானத்தில் நிறுத்தப்பட்டாரோ, அங்கேயே ஹர்ட்ஸ் இறங்கினார். ஒன்பது எறிகளில் ஏழு தோழர்களைச் சேர்ந்தன. ஆட்டம் சமமாயிற்று. ஒரு நிமிஷமும் சில விநாடிகளும் மிஞ்சியிருக்கையில், தாமே பந்தை ஏந்தி 15 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். 35-க்கு 28 என்று அலபாமா ஜயித்தது. மாதக்கணக்கில் மன வருத்தத்தை வளர்த்துக்கொண்டு பயிற்சியில் அசட்டையாக இருந்தவன் எவனும் அந்தக் கால் மணி நேரத்துக்குத் தயாராக இருந்திருக்க முடியாது.

பருவம் முடிந்து, பட்டமும் பெற்ற பின்னரே ஹர்ட்ஸ் ஓக்லஹோமா ஸர்வகலாசாலைக்குச் சென்றார். பின்னர், 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியை ‘ஸூப்பர் பௌல்’ வெற்றிக்கு நடத்தி, அவ்வாட்டத்தின் சிறந்த வீரர் என்ற பரிசும் பெற்றார். ஆகவே 2018-ல் அவரை நிறுத்தியது பிழை என்று சிலர் வாதிக்கலாம். அது சரியன்று. பின்னால் வந்த புகழைக்கொண்டு முன்னால் செய்த முடிவை அளக்கக் கூடாது. அன்றைய முடிவு அன்றைய தேவைக்குப் பொருந்திற்றா என்பதே கேள்வி, பொருந்திற்று.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் இதில் அறிய வேண்டியது யாது? தேர்ந்தெடுக்க வேண்டிய வேளையில் தேர்ந்தெடுங்கள். இருவரையும் திருப்தி செய்யப் பார்த்துக் காரியத்தைக் கெடுக்காதீர்கள். ஆனால், விலக்கியவரிடம் முடிவைப் பிறர் சொல்லும் முன் நீங்களே சென்று சொல்லுங்கள். அவருடைய மனத்தை விசாரியுங்கள். விலக்கப்பட்டவருக்கோ ஒன்றே சொல்லுவோம்: பதவி போயிருக்கலாம், உபயோகம் போய்விடவில்லை. ஸ்தாபனத்துக்கு உம்முடைய தேவை நேரும் வேளை முன்னறிவித்து வருவதில்லை. அவ்வேளையில் நீர் தயாராக இருக்கிறீரா என்பதைப் பதவி பெற்றவரோ, பதவி கொடுத்தவரோ தீர்மானிப்பதில்லை, நீர்தாம் தீர்மானிக்கிறீர்.