களைப்புக்குப் பிளேன்ரீ போதுமா?

முள்ளிவாய்க்காலில் கஞ்சியோடு நாள்களைக் கடத்தியவர்கள் நாம். மீளக்குடியமர்ந்த பிறகும், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, சீனி போட்ட பிளேன்ரீயோடு மட்டும் மதியம்வரை வேலை செய்யும் தாய்மாரை நான் இன்றும் பார்க்கிறேன். சீனி தரும் தெம்பு விரைவில் இறங்கிவிடும். பிறகு சோர்வும் எரிச்சலும்தான்.

இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு வரும், மனமும் சோரும். பலர் அதைக் கவலையின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். கவலையும் உண்மைதான், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் மனதை ஒரு பிடி பயறு ஆற்றாது. ஆனாலும் காலையில் அவித்த பயறு சாப்பிடுங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப்புளி விடுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். களைப்பு விடாவிட்டால் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.